அந்தி வானமும் எல்லைக் கல்லும்

பெருமதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, கல்லூரிச் செயலர் அவர்களே, இயற்பியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நில அளவைத் துறை அலுவலர் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். உடல்நலம் குன்றியிருந்தும் தலைமையேற்க இசைந்த பெரியவருக்கு என் தனிப்பட்ட நன்றி.

வானில் எலெக்ட்ரான்கள் நிறைந்த அடுக்கான அயனி மண்டலம் ஜிபிஎஸ் அலைகளுக்குச் செய்யும் இடையூறுகளில் தாமதம், மினுமினுப்பு, சூரியப் புயல் ஆகிய மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று நான் மேடைதோறும் சொல்வது இங்கும் பொருந்தும்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை, சூரியனின் புற ஊதாக் கதிர்கள் பிரித்தெடுத்த எலெக்ட்ரான்கள் நிறைந்த அடுக்கைக் கடக்கும்போது சற்றே தாமதப்படுகிறது. ரிசீவர் அந்தத் தாமதத்தையும் தொலைவாகவே கணக்கிட்டுவிடும். நண்பகலில் இப்பிழை பத்து மீட்டரைத் தாண்டுவதுண்டு. அதிர்வெண் குறைந்த அலை கூடுதலாகத் தாமதிப்பதால், 1575.42, 1227.60 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைகளை வாங்கி ஒப்பிட்டால் பிழையின் பெரும்பகுதி நீங்கிவிடும். தீர விசாரிப்பது இதுதான்.

அந்த விசாரணைக்கும் அகப்படாதது, அலை துள்ளித் தடுமாறும் மினுமினுப்பு. நம் பக்கத்து ஊரொன்றில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. பங்குனி மாதம், தம்பி இரவு ஆம்னி பஸ் பிடிக்க வேண்டும் என்பதால், அளவர் இருட்டிய பிறகும், துல்லியமாக நிலம் அளக்கும் டிஜிபிஎஸ் கருவியோடு வயலில் நின்றார். ஏழரை மணிக்கு மேல் திரையில் துல்லிய அளவைக் குறிக்கும் ‘ஃபிக்ஸ்’ மறைந்து, தோராய அளவைக் குறிக்கும் ‘ஃப்ளோட்’ வந்தது. வந்த அளவை வைத்துக் கல் நட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குச் சரிபார்த்தால், கல் அண்ணன் வயலுக்குள் இரண்டடி தள்ளி நிற்கிறது! அண்ணாச்சி நேரே தம்பி வீட்டு வாசலில் போய், “ஏலே, ராத்திரியோட ராத்திரியா கல்லைப் பிடுங்கி நட்டுட்டியாலே?” என்று கூச்சலிட, “அவுக நேத்தே பஸ் ஏறிட்டாகளே!” என்றார் உள்ளிருந்து வந்த தம்பி மனைவி. அண்ணாச்சி கண்ணால் கண்டது கல்லை. தீர விசாரித்திருந்தால் வானத்தையல்லவா கேட்டிருப்பார்!

சூரியன் மறைந்ததும், பூமியின் காந்தப் புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோட்டுக்கு மேலே அயனி மண்டலத்தின் மேலடுக்கு உயர எழும்புகிறது. அதன் அடியிலிருந்து எலெக்ட்ரான் குறைந்த குமிழிகள் மேலேறி, காந்தப் புலக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் நீள்கின்றன. அவற்றினூடே வரும் அலையின் வலிமையும், அதன் ஏற்ற இறக்க நிலையான கட்டமும் நொடிக்கு நொடி துள்ள, ரிசீவர் பிடியை இழக்கிறது. இரண்டு அலைகளுமே துள்ளுவதால் ஒப்பிடவும் வழியில்லை. சூரியக் கரும்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் முன்னிரவில் இது மிகுதி. அந்தக் காந்த நடுக்கோடு நமக்கு வெகு அருகில் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கும், நம் கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம் இருப்பதற்கும் அதுவே காரணம்.

விமானங்களுக்கு, தரை நிலையங்களின் உதவியோடு இந்தியாவின் ‘ககன்’ செயற்கைக்கோள் அமைப்பு அயனி மண்டலத் திருத்தங்களை அனுப்புகிறது. வயலில் நிற்கும் அளவருக்கு, இன்றைய அந்தி எப்படி என்று யார் சொல்வது? சூரியனின் சீற்றம் அயனி மண்டலத்தைக் கலக்கிவிடும் சூரியப் புயலைப் பற்றி விரிக்க நேரமில்லை. 2024 மே மாதப் புயலில் அமெரிக்க உழவர்கள் பலரின் ஜிபிஎஸ் டிராக்டர்கள் நடவுக் காலத்தில் தடுமாறின என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

செயலர் அவர்களிடமும் துணைவேந்தர் அவர்களிடமும் என் விண்ணப்பம் ஒன்றே. தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை கல்லூரி மாடிகளில் மினுமினுப்பைப் பதியும் ரிசீவர்களை நிறுவி, ஒவ்வோர் இரவின் பதிவையும் அளவர்களும் மீனவர்களும் செல்பேசியில் பார்க்கும்படி பொதுவில் வெளியிட வேண்டும். முதல் கருவியை இக்கல்லூரியின் மாடியில், வரும் புரட்டாசிக்கு முன்பே பொருத்தித் தர வேண்டும்.