ஜெர்மனியில ஃப்ரெண்ட் வீட்ல தங்கப் போறீங்களா?

[காட்சி: அடுக்குமாடிக் கட்டடம், வாசல்ல காலிங் பெல் பலகை]

ஜெர்மனிக்குச் சுற்றுலா போறவங்க பிராண்டன்பர்க் கேட், கொலோன் கதீட்ரல்னு பார்த்துட்டு ஹோட்டலுக்குத் திரும்பிடுவாங்க. அந்த ஊர்ல அன்றாட வாழ்க்கை எப்படி நடக்குதுன்னு தெரியணும்னா, அங்க குடியிருக்கிற ஃப்ரெண்ட் வீட்ல தங்கிப் பாருங்க. ஹோட்டல்ல உங்க குப்பையை வேற யாரோ எடுத்துட்டுப் போவாங்க, ஜன்னலையும் வேற யாரோ பார்த்துக்குவாங்க. வீட்ல அதெல்லாம் உங்க கையில. ஒவ்வொரு பழக்கத்துக்கும் பின்னாடி என்ன காரணம்னு கேட்கவும் பக்கத்துலயே ஆள் இருக்கும்.

முதல்ல வாசல். அங்க பெரும்பாலான முகவரிகள்ல ஃப்ளாட் நம்பர் இருக்காது. தெருப் பேரும் கட்டட நம்பரும்தான். பெல் பட்டனுக்குப் பக்கத்துல குடும்பப் பேர் எழுதியிருக்கும். உங்க ஃப்ரெண்ட் உள்வாடகைக்கு இருந்தா வேற ஒருத்தர் பேர்கூட இருக்கலாம். எந்தப் பேர் இருக்கிற பட்டனை அழுத்தணும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

[காட்சி: ஜன்னல் கைப்பிடி, குளோசப்]

அடுத்தது ஜன்னல். இதைக் கொஞ்சம் விரிவாப் பார்ப்போம், ஏன்னா புதுசாப் போற எல்லாரும் குழம்பற இடம் இதுதான். வெளியில உறையற குளிரா இருக்கும். ஃப்ரெண்ட் காலையில எழுந்ததும் ஹீட்டரைக் குறைச்சுட்டு, எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து விடுவாங்க. அஞ்சு பத்து நிமிஷம்தான், அப்புறம் சாத்திடுவாங்க. சமைச்சது, குளிச்சது, துணி உலர்த்தினது, நாம விடற மூச்சு எல்லாத்துலயும் இருந்து வர்ற ஈரம் காத்துலயே தங்கிடுது. அங்க வீடுகளைக் குளிர் புகாம இறுக்கமாக் கட்டறதால அது தானா வெளியேறாது. குளிர்ந்த சுவர்ல போய்ப் படிஞ்சு பூஞ்சை பிடிச்சிடும். அகலத் திறந்தா உள்ள இருக்கிற காத்து சட்டுன்னு மாறிடும், சுவரோட சூடு அப்படியே இருக்கும். ஒரு ஓரமா நாள் பூரா திறந்து வச்சா சுவரும் ஆறிடும், ஹீட்டர் செலவும் வீண்.

கைப்பிடி கீழ் நோக்கி இருந்தா ஜன்னல் பூட்டியிருக்கு. படுக்கை வாட்டத்துல திருப்பினா கதவு மாதிரி முழுசாத் திறக்கும். மேல் நோக்கித் திருப்பினா மேல் பக்கம் மட்டும் உள்ள சாயும். ஜன்னலை நல்லா அழுத்திச் சாத்தின பிறகே கைப்பிடியைத் திருப்புங்க. திறந்திருக்கும்போது திருப்பினா ஒரு மூலையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கற மாதிரி ஆகிடும். வீட்டுக்குக் காத்தோட்டம் விடறது பல வாடகை ஒப்பந்தங்கள்லயே எழுதியிருக்கிற பொறுப்பு. அதனால "குளிச்சதும் ஜன்னலைத் திற"ன்னு ஃப்ரெண்ட் திரும்பத் திரும்பச் சொன்னா மனசு வருத்தப்படாதீங்க. பூஞ்சை வந்தா வீட்டுக்காரர்கிட்ட பதில் சொல்ல வேண்டியது அவங்கதான்.

[காட்சி: சூப்பர் மார்க்கெட்ல பாட்டில் வாங்குற மெஷின்]

காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் குப்பையில போட்டுடாதீங்க. 2003-ல இருந்து அதுக்கு டெபாசிட் உண்டு, பெரும்பாலும் 25 சென்ட். மெஷின்ல போட்டா ரசீது வரும், கவுன்ட்டர்ல காசு தருவாங்க. நசுக்கினா மெஷினால பார்கோடைப் படிக்க முடியாம போகலாம். டெபாசிட் இல்லாத கண்ணாடி பாட்டில்களுக்குத் தெருவுல தனித் தொட்டிகள் இருக்கும்: வெள்ளை, பச்சை, பழுப்புன்னு நிறவாரியா. நீல பாட்டில் பச்சைத் தொட்டிக்குப் போகும். எந்த நேரத்துல போடலாம்னு தொட்டி மேலயே எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூடாது, உடையற சத்தம் தெரு முழுக்கக் கேட்கும்.

[காட்சி: ஞாயிறு காலை, மூடிய கடைவீதி]

அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சூப்பர் மார்க்கெட், துணிக்கடை எல்லாம் மூடியிருக்கும். ஞாயிறு ஓய்வு நாள்னு ஜெர்மனிக்கு 1919-ல எழுதின பழைய அரசியலமைப்புலயே (வைமர் அரசியலமைப்பும்பாங்க) இருக்கு. 1949-ல வந்த இப்போதைய அரசியலமைப்பும் அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கிச்சு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறும் கடை திறக்கலாம்னு பெர்லின் மாநில அரசு சட்டம் போட்டப்போ, 2009 டிசம்பர்ல அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. குடியிருப்புப் பகுதியில அன்னிக்குப் புல்வெட்டும் மெஷினைக்கூட ஓட்டக் கூடாது. சனிக்கிழமையே தேவையானதை வாங்கி வச்சுக்கோங்க. மறந்துட்டா பெரிய ரயில் நிலையங்கள்ல கடை திறந்திருக்கும்.

வாங்கறதுக்கு இடமில்லாத நாள்ல மனுஷங்களுக்கு நேரம் கிடைக்குது. மதியம் நீண்ட நடை, திரும்பி வந்து காபியும் கேக்கும், அப்புறம் சாவகாசமாப் பேச்சு. உங்க பயணத்துல ஒரு ஞாயிறாவது ஃப்ரெண்டோட இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்க. ஆனா தேதியைச் சீக்கிரமே சொல்லிடுங்க. அங்க நண்பர்களைப் பார்க்கிறதுக்கே வாரக்கணக்குல முன்னாடி நாள் குறிக்கிறது சாதாரணம். குறிச்சுட்டா அந்த நேரம் உங்களுக்குத்தான், போனைப் பார்த்துக்கிட்டே பேச மாட்டாங்க.

தங்கியிருக்கும்போது ஃப்ரெண்டுக்குப் பிறந்தநாள் வந்தா முந்தின நாளே வாழ்த்து சொல்லிடாதீங்க, அது துரதிர்ஷ்டம்னு அங்க ஒரு நம்பிக்கை இருக்கு. ராத்திரி 12 மணி அடிச்ச பிறகு சொல்லுங்க. சத்தமில்லாம சொல்லுங்க, 10 மணியில இருந்து காலை 6 வரைக்கும் பக்கத்து வீட்டுக்காரங்க தூங்கற நேரம்.