கன்றின் குடலுக்கு உயிரோடு போய்ச் சேர வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடலூர், புதுச்சேரிப் பக்கம் மாட்டுக்கொட்டகைத் தரை நாள்கணக்கில் காயாது. அந்த ஈரத்தில் பிறக்கிற கன்றுகளைத்தான் கழிச்சல் அதிகம் பிடிக்கிறது. புரோபயாடிக் பொடி வாங்கிப் போட்டும் கேட்கவில்லை என்கிற புலம்பல் பாகூரிலும் உண்டு, குறிஞ்சிப்பாடியிலும் உண்டு. பெரும்பாலும் குறை பொடியில் இருக்காது. போட்ட விதத்தில் இருக்கும்.

புரோபயாடிக் என்பது உயிருள்ள, நன்மை செய்யும் நுண்ணுயிரிகள். கன்று பிறக்கும்போது அதன் குடலில் நுண்ணுயிரிகள் ஏறக்குறைய இல்லை. சில மணி நேரத்திலேயே தாயின் காம்பு, வைக்கோல், தரை, சாணம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்து சேரும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி, குடல் சுவரில் முதலில் ஒட்டுகிறவைக்கே இடம். லாக்டோபேசில்லஸ் என்கிற நல்ல பாக்டீரியா முந்திக்கொண்டால், அது லாக்டிக் அமிலத்தைச் சுரந்து ஈ.கோலை போன்ற கெட்ட கிருமிகள் பெருகுவதைத் தடுக்கும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் சீம்பால். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் போக வேண்டும். அதில் பாதி, பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள். 24 மணி நேரம் கழிந்தால் சீம்பாலின் நோய் எதிர்ப்புப் பொருள்களைக் குடல் உறிஞ்சாது. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள். சீம்பால் கிடைக்காத கன்றை எந்தப் பொடியும் ஈடுகட்டாது.

இரண்டாம் நாளிலிருந்து முதல் மாதம் முடியும்வரை புரோபயாடிக் கொடுக்கலாம். லாக்டோபேசில்லஸ், பைஃபிடோபாக்டீரியம், என்டரோகாக்கஸ் வகைகளைப் பாலில் கலந்து கொடுங்கள். ஈஸ்ட் என்கிற பூஞ்சை வகையை மட்டும் தீவனத்தில் கலக்க வேண்டும். கன்று சப்பிக் குடிக்கிற பால் ஒரு மடிப்பு வழியாக நேரே நான்காம் வயிற்றுக்குப் போய்விடுகிறது. ஈஸ்ட்டுக்கு வேலை முதல் வயிற்றில். எனவே இரண்டாம் வாரத்தில் கன்று தீவனத்தை நக்கத் தொடங்கியதும் அதில் தூவுங்கள். பக்கத்தில் நல்ல தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும்.

பொட்டலத்தை வாங்கும்போது நுண்ணுயிரியின் பெயர், கிராமுக்கு எத்தனை கோடி உயிருள்ளவை, காலாவதி தேதி மூன்றையும் படியுங்கள். ஒரு கன்றுக்கு நாளொன்றுக்கு 100 கோடி முதல் 1000 கோடிவரை கொடுப்பது வழக்கம். கிராமுக்கு 100 கோடி என்று போட்டிருந்தால் ஒரு கிராமே 100 கோடி. கிராமுக்கு 10 கோடிதான் என்றால் அதே அளவுக்குப் பத்து கிராம் வேண்டும். எண்ணிக்கையே போடாத பொட்டலம் வேண்டாம்.

இனி, எங்கே கெடுகிறது என்று பார்ப்போம். கொதித்த பாலை இறக்கிய கையோடு பொடியைக் கொட்டினால் உள்ளே போவது செத்த பொடி. பால் 38, 39 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், சுடாது. ஆறிய பால் 50 மில்லியில் பொடியைக் கட்டியில்லாமல் கரைத்து, மீதிப் பாலில் சேர்த்து உடனே புகட்டுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைக்காதீர்கள். தகரக் கூரையின் கீழே, அலமாரியில் வைத்த பொட்டலம் சித்திரை வெயிலில் வீணாகிவிடும். வீட்டுக்குள், ஈரம் படாமல், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். லாக்டோபேசில்லஸ் அல்லாத பேசில்லஸ் என்கிற வகை மட்டும் கெட்டியான வித்து உறைக்குள் (ஸ்போர்) இருப்பதால் சூட்டை ஓரளவு தாங்கும்.

வாய்வழியாக ஆன்டிபயாடிக் கொடுக்கிற நாளில் அதையும் புரோபயாடிக்கையும் ஒரே வேளையில் கொடுக்காதீர்கள். அது காலையில் என்றால் இது மாலையில். மருந்து முடிந்தபின் ஒரு வாரமாவது புரோபயாடிக்கைத் தொடருங்கள், அப்போதுதான் குடல் வெறுமையாகக் கிடக்கிறது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாது.

புரோபயாடிக் கழிச்சலுக்கு மருந்து இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். கழிகிற கன்று சாவது பெரும்பாலும் நீரும் உப்பும் இழந்துதான். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் கரைத்து, பால் வேளைக்கு இரண்டு மணி நேரம் தள்ளிப் பல முறை கொடுங்கள். பாலை நிறுத்தாதீர்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள்: இரண்டு விநாடிக்கு மேல் மடிந்தே நின்றாலோ, கண் குழிவிழுந்தாலோ, வாய் சில்லிட்டுச் சப்ப மறுத்தாலோ, சாணத்தில் இரத்தம் தெரிந்தாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூன்று வாரம் தாண்டிய கன்றுக்கு இரத்தக் கழிச்சல் என்றால் காக்சிடியா என்கிற குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். எருமைக் கன்றுக்கு உருண்டைப் புழு தாயிடமிருந்தே வரும். பத்தாம் நாளையொட்டி மருத்துவர் சொல்படி புழுநீக்க மருந்து கொடுத்தாக வேண்டும். இவற்றுக்கு புரோபயாடிக் பதில் ஆகாது.

வளர்ச்சியைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்து பாருங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து புட்டத்து எலும்பு முனைவரை நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 30, நீளம் 28 என்றால் சுமார் 38 கிலோ. கலப்பினக் கன்று நாளுக்கு 400 முதல் 500 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி.

சீம்பாலும் காய்ந்த தரையும் கிடைத்த கன்றுக்கு இந்தப் பொடியால் கிடைக்கும் கூடுதல் பலன் சொற்பம்தான், கையிலிருக்கும் காசை நல்ல கன்றுத் தீவனத்துக்குச் செலவிடுங்கள் என்பேன். கழிச்சல் திரும்பத் திரும்ப வரும் கொட்டகை, சந்தையில் வாங்கிவந்த கன்று, ஆன்டிபயாடிக் போட்ட கன்று, பால் மறக்கடிக்கும் நாள்கள், இங்கெல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். தயிர் போதாதா என்றால், புளிக்காத தயிர் கொஞ்சம் கொடுப்பதில் கெடுதல் இல்லை. அதில் எந்த நுண்ணுயிரி எத்தனை என்பது வீட்டுக்கு வீடு மாறும், அளவு சொல்ல முடியாது. புளித்த மோர் வேண்டாம்.

கழிச்சல் நிற்கவில்லையென்றால், ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பே கொஞ்சம் சாணத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ, புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்துக்கோ அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். வணக்கம்.