ஒரு ஏடிஎம் கார்டு நீளம்தான் வித்தியாசம்! உக்ரைன் அகதிகளுக்கு உதவ வெளிநாடு போகலாமா?

(திரையில்: உள்ளங்கையில் ஒரு ஏடிஎம் கார்டு, பக்கத்தில் ஸ்கேல்)

உங்க பர்ஸ்ல இருக்கற ஏடிஎம் கார்டை வெளிய எடுங்க. வீடியோவ நிறுத்திட்டுக்கூட எடுங்க, பரவால்ல. அதோட நீளப்பக்கத்துல ஒரு ஸ்கேல வைங்க. எவ்வளவு வருது? 85 மில்லிமீட்டர் சொச்சம். இந்த 85 மில்லிமீட்டரால, போலந்தோட தென்கிழக்கு மூலையில, வெறும் 60,000 பேர் வாழற ஒரு ஊரு, 2022-ல லட்சக்கணக்கான உக்ரைன் மக்கள் வந்து இறங்கற வாசலாச்சு. அந்த ஊரு பேரு ப்ஷெமிஷ்ல். நாக்கு சுளுக்கும்தான். ரெண்டு தடவ சொல்லிப் பாருங்க, வந்துடும். ப்ஷெ-மிஷ்ல்.

வணக்கம் மக்களே. "உக்ரைன் அகதிகளுக்கு உதவணும்னு மனசு துடிக்குது, நாமளும் போய் வேல செய்யலாமா?" இந்தக் கேள்விக்குத்தான் இன்னிக்கு வீடியோ. பதில் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி அந்தத் தண்டவாளத்தப் பாக்கணும்.

பின்னணிய ஒரே மூச்சுல சொல்லிடறேன். 2022 பிப்ரவரி 24, ரஷ்யா முழு அளவுல படையெடுத்துச்சு. அன்னிக்கே உக்ரைன் வான்வெளிய மூடிட்டாங்க, விமானம் கிடையாது. 18-ல இருந்து 60 வயசு வரைக்கும் உள்ள ஆம்பளைங்க, சில விலக்குகள் தவிர, நாட்டை விட்டுப் போகக்கூடாதுன்னு உத்தரவு. அதனால எல்லை தாண்டி வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க பொம்பளைங்க, புள்ளைங்க, வயசானவங்க. ரயில் இல்லன்னா ரோடு, ரெண்டுதான் வழி.

(திரையில்: இரண்டு தண்டவாளங்கள் பக்கத்துப் பக்கத்தில், ஒன்று கொஞ்சம் அகலம்)

இப்போ ரயிலுக்கு வருவோம். உக்ரைன்ல ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இடைவெளி 1,520 மில்லிமீட்டர். போலந்துல 1,435. கழிச்சுப் பாருங்க: 85. உங்க ஏடிஎம் கார்டு!

நம்மள்ல 40 வயசு தாண்டினவங்களுக்கு இதச் சொல்லித்தரவே வேணாம். எழும்பூர்ல இருந்து மீட்டர் கேஜ் வண்டி, சென்ட்ரல்ல இருந்து அகலப்பாதை வண்டின்னு ஒரு காலம் இருந்துச்சே. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறணும்னா, தூங்கற புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு, பெட்டி படுக்கைய எறக்கி, கூலிக்காரர் தலையில ஏத்தி, அடுத்த வண்டியத் தேடி ஓடணும். அதே கததான். உக்ரைனோட அகலப்பாதை ப்ஷெமிஷ்ல் ஸ்டேஷன் வரைக்கும் வருது. அங்க முடிஞ்சுடுது. வார்சாவுக்கோ பெர்லினுக்கோ போகணும்னா எல்லாரும் எறங்கித்தான் ஆகணும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு, கேளுங்க. ப்ஷெமிஷ்லும், எல்லைக்கு அந்தப் பக்கம் உக்ரைன்ல இருக்கற லிவிவ் நகரமும் ஒரு காலத்துல ஒரே பாதையில இருந்தவங்க! 1860-ல கிராக்கோவ் பக்கத்துல இருந்து ரயில் ப்ஷெமிஷ்லுக்கு வந்துச்சு, அடுத்த வருஷமே லிவிவ் வரைக்கும் நீண்டுச்சு. அப்போ எல்லாமே ஆஸ்திரியப் பேரரசு. எல்லையும் கெடையாது, அகல வித்தியாசமும் கெடையாது. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சப்போ எல்லைக் கோட்டை மாத்திப் போட்டாங்க. லிவிவ் சோவியத் பக்கம் போச்சு, தண்டவாளமும் சோவியத் அளவுக்கு அகலமாச்சு. ப்ஷெமிஷ்ல் போலந்துலயே நின்னுபோச்சு. நடுவுல இருக்கறது சுமார் 100 கிலோமீட்டர், அவ்வளவுதான். 2022 மார்ச்ல அந்த 100 கிலோமீட்டரக் கடக்க, ஜனங்க நெரிசல்ல மணிக்கணக்கா நின்னுக்கிட்டே வந்தாங்க.

எறங்கினதும் என்ன வேணும்? யோசிங்க. ஒரு அம்மா, கையில ஒரு கொழந்த, இன்னொண்ணு அவங்க கோட்டப் புடிச்சுக்கிட்டு நிக்குது. வெளிய உறைபனி. முதல்ல சூடா ஏதாவது குடிக்கணும், புள்ளைக்கு டயப்பர் மாத்தணும், ஊர்ல இருக்கற புருஷனுக்கு "வந்து சேந்துட்டோம்"னு ஒரு வார்த்த சொல்லணும். அதுக்கு போலந்து சிம் வேணும். போலந்து தொலைபேசி நிறுவனங்க சிம் கார்டை இலவசமாவே குடுத்தாங்க. ரயில்வே டிக்கெட் இல்லாம ஏத்துக்கிச்சு.

அந்த பிளாட்பாரத்துல எடுத்த ஒரு போட்டோ உலகம் முழுக்கச் சுத்துச்சு, நீங்களும் பாத்திருப்பீங்க. வரிசையா குழந்தை வண்டிங்க. தள்ள ஆளே இல்ல. எல்லை தாண்டி வரப்போற தாய்மாருங்களுக்காக விட்டுட்டுப் போன வண்டிங்க அது. நான் இந்த விஷயத்த எத்தன தடவ யோசிச்சாலும் மனசு நெகிழ்ந்துடும். ஏன்னா, ஓடி வர்றவங்க எதை முதல்ல விட்டுட்டு வந்திருப்பாங்க? நெரிசல் ரயில்ல ஏத்த முடியாத பொருள. குழந்தை வண்டிய! அத யாரோ ஒருத்தங்க தன் புள்ளைய வெச்சு யோசிச்சுப் பாத்திருக்காங்க.

இப்போ அதே எல்லையோட இன்னொரு காட்சி. ஊர்ல இருந்து 15 கிலோமீட்டருக்குள்ள மெடிகான்னு ஒரு எல்லைச் சாவடி. ஜனங்க நடந்து வர்ற வழி. அங்க ஐரோப்பா முழுக்க இருந்து வேன் வேனா துணி வந்து எறங்கிச்சு. அளவு பிரிக்காம, ஆண் பெண் பிரிக்காம, மூட்ட மூட்டையா. திறந்த வெளியில மலை மாதிரி குவிஞ்சு, பனியிலயும் ஈரத்துலயும் கெடந்து வீணாச்சு. 2004 சுனாமிக்கப்புறம் நாகப்பட்டினம் பக்கம் ரோட்டோரத்துல பழைய துணி குவிஞ்சு கெடந்தத நம்மள்ல பல பேரு கண்ணால பாத்திருக்கோம். குடுத்தவங்க மனசுல ஒரு குறையும் இல்ல. ஆனா யாரும் கேக்கல, "உங்களுக்கு என்னம்மா வேணும்?"னு.

இந்த வீடியோவுல நீங்க ஒரே ஒரு விஷயத்த எடுத்துக்கிட்டா அது போதும்: கேட்டுட்டுப் போங்க. சரி, யாரக் கேக்கறது? அந்த ஊர்க்காரங்கள.

(திரையில்: ப்ஷெமிஷ்ல் நகரத்தின் பழைய தெரு)

இதுக்கு நான் ஒரு சின்ன வரலாறு சொல்லணும், அவசரப்படாதீங்க. ப்ஷெமிஷ்ல்ல ஒரு சின்ன உக்ரைனியச் சமூகம் பரம்பரையா இருக்கு. 1947-ல போலந்தோட கம்யூனிஸ்ட் அரசு, தென்கிழக்குல இருந்த சுமார் 1,40,000 உக்ரைனியர்கள வேரோட பெயர்த்து, நாட்டோட வடக்குலயும் மேற்குலயும் கொண்டுபோய் சிதறலா குடியேத்துச்சு. அதுக்கப்புறமும் தப்பி, திரும்பி வந்து வாழ்ந்தவங்களோட பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்கதான் அந்த ஊர்ல 'உக்ரைன் மக்கள் இல்லம்'னு ஒரு கட்டடத்த நடத்தறாங்க. 2022-ல போர் ஆரம்பிச்சதும் ஸ்டேஷன்ல மொழிபெயர்க்க நின்னவங்க, கட்டடத்தையே தங்கற இடமாத் திறந்து விட்டவங்க இவங்க. போலிஷ் தெரியும், உக்ரைன் மொழி தெரியும், எந்த ஆபீஸ்ல எந்த ஜன்னலுக்குப் போகணும்னு தெரியும். எல்லாத்துக்கும் மேல, வீட்ட விட்டு வெரட்டப்பட்ட கத அவங்க தாத்தா பாட்டி வாயால கேட்டது. வெளிய இருந்து நாம என்னதான் பயிற்சி எடுத்துட்டுப் போனாலும் இந்த அறிவு நமக்கு வராது. அதனாலதான் உள்ளூர் அமைப்பு மூலமா போங்கன்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன். வார்சாவுல 'உக்ரைன் இல்லம்', 'ஓத்சலேன்யே' அறக்கட்டளை, நாடு முழுக்க கத்தோலிக்க உதவி அமைப்பான காரித்தாஸ், போலந்து செஞ்சிலுவைச் சங்கம், இப்படி நிறைய இருக்கு. அவங்க இணையப் பக்கத்துலயே தன்னார்வலர் தேவைய அறிவிப்பாங்க.

வெளிய இருந்து வந்து நல்லா வேல செஞ்சவங்களும் இருக்காங்க. சமையல்காரர் ஹோசே ஆண்ட்ரெஸ் தொடங்கின 'வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன்', படையெடுப்பு நடந்த மறுநாளே எல்லையில சூடான சாப்பாடு போட ஆரம்பிச்சுடுச்சு. அப்புறம் ப்ஷெமிஷ்ல்லயே பெரிய சமையல்கூடம். உலகம் முழுக்க இருந்து வந்த தன்னார்வலருங்க முறை போட்டு காய் நறுக்கினாங்க, ரொட்டியில சாண்ட்விச் அடுக்கினாங்க. மெடிகாவுல சீக்கிய அமைப்புங்க லங்கர், அதாவது எல்லாருக்கும் இலவச சாப்பாடு, நடத்தினாங்க. ஜெஷுஃப் நகரத்துல சுவாமிநாராயண் அமைப்பு சைவ சமையல் வண்டிய கொண்டுவந்து நிறுத்துச்சு. இவங்க எல்லாருக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. நூத்துக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்துல சமைக்கத் தெரிஞ்சவங்க. தெரிஞ்ச வேலையத்தான் கையில எடுத்துட்டு வந்தாங்க.

அடுத்தது, பாதுகாப்பு. இத யாரும் தாண்டிப் போகாதீங்க. தனியா வர்ற பொண்ணுங்க, புள்ளைங்க. ஒருத்தன் வந்து "என் கார்ல ஏறுங்க, என் வீட்ல தங்குங்க"ன்னு சொன்னா, அவன் நல்லவனா கெட்டவனான்னு அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்? பெர்லின் மத்திய ரயில் நிலையத்துல முதல் நாட்கள்ல "ரெண்டு பேருக்கு எடம் இருக்கு"ன்னு அட்டை புடிச்சுக்கிட்டு நிறைய பேரு நின்னாங்க, பெரும்பாலும் நல்ல மனசுக்காரங்கதான். ஆனாலும் போலீஸ் எச்சரிக்க வேண்டியிருந்துச்சு. அப்புறம் பதிவு பண்ணினவங்க மட்டும்னு ஒழுங்கு வந்துச்சு. அதனால நீங்க போற எடத்துல அடையாள அட்டை கேப்பாங்க, குற்றப் பதிவு இல்லன்னு சான்றிதழ் கேப்பாங்க. முகம் சுளிக்காதீங்க. இந்தக் கேள்வியக் கேக்காத அமைப்புதான் எனக்குக் கவலை. புள்ளைங்கள போட்டோ எடுத்துப் போடவே போடாதீங்க. அவங்க அப்பா எந்த ஊர்ல என்ன நெலமையில இருக்காருன்னு உங்களுக்குத் தெரியாது.

சரி, சென்னையில இருந்தோ மதுரையில இருந்தோ டிக்கெட் போட்டுப் போகலாமா? என் கருத்த ஒளிவு மறைவில்லாம சொல்றேன்: ரெண்டு வாரத்துக்காகப் போகாதீங்க. அந்த விமானச் செலவ ஒரு நல்ல உள்ளூர் அமைப்புக்கு அனுப்பினா, அங்க அதே மொழி பேசற ஒருத்தருக்கு சம்பளமாகும். மருத்துவர், செவிலியர், மனநல ஆலோசகர் மாதிரி குறிப்பிட்ட திறமை உள்ளவங்கள ஒரு அமைப்பே கூப்பிட்டா அது வேற. அப்போகூட ஷெங்கன் விசாவுல, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசாவுல, 180 நாளுக்கு 90 நாள்தான், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேணும், தன்னார்வ வேலைக்குத்தான் போறேன்னு தூதரகத்துல மறைக்காம சொல்லிக் கேட்டுக்கங்க.

இத நான் முக்கியமா பேசறது ஏற்கனவே ஐரோப்பாவுல இருக்கற நம்ம ஆட்களோட. ஜெர்மனியில, போலந்துல, செக் நாட்டுல படிக்கறீங்க, வேல பாக்கறீங்க. உங்களுக்கு விசா பிரச்சன இல்ல, டிக்கெட் செலவு இல்ல, சனிக்கிழம மட்டும் போதும். ஐரோப்பிய ஒன்றியத்துல இன்னும் 40 லட்சத்துக்கும் மேல உக்ரைன் மக்கள் தற்காலிகப் பாதுகாப்புல இருக்காங்க. இந்தப் பாதுகாப்பக் குடுக்கற சட்டம் 2001-ல, யூகோஸ்லாவியப் போருங்களுக்குப் பின்னாடி எழுதினது. 20 வருஷம் அலமாரியில தூங்கிட்டு, 2022 மார்ச் 4-ந்தேதிதான் முதல் தடவையா உயிர் பெத்துச்சு. இப்போ 2027 மார்ச் வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க.

இன்னிக்கு அவங்களுக்கு சூப் ஊத்தற ஆள் கொறச்சலா தேவை. ஆங்கிலத்துல பேசிப் பழக ஒரு துணை தேவை. பள்ளிக்கூடத்துல கணக்கு புரியாத பத்து வயசுப் பையனுக்கு வாரம் ஒரு மணி நேரம் தேவை. பேச்சுத்துணை இல்லாத ஒரு பாட்டிக்கு கூட உக்காந்து டீ குடிக்க ஆள் தேவை. போட்டோவுல எடுப்பா தெரியாத வேலைங்க. ஆனா வாரா வாரம், அதே கெழம, அதே நேரம் வர்ற முகம் ஒண்ணு அவங்க வாழ்க்கையில இருக்கணும். ஒரு மாசம் வந்துட்டு நின்னுடறவங்களால புள்ளைங்க மனசு ஒடைஞ்சுபோகும். ஆறு மாசம் முடியும்னா மட்டும் பேரு குடுங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். 2022 பிப்ரவரி கடைசியில அதே மெடிகா எல்லையில, குளிர்ல, வரிசையில நின்னவங்கள்ல நம்ம புள்ளைங்களும் உண்டு. உக்ரைன்ல மருத்துவம் படிச்சுட்டிருந்த இந்திய மாணவருங்க, கையில பையோட பல கிலோமீட்டர் நடந்து வந்தாங்க. அதுல தமிழ்நாட்டுப் பசங்களும் பொண்ணுங்களும் நிறைய பேரு. அந்த வழியில வந்தவங்க யாராவது இந்த வீடியோவப் பாக்கறீங்கன்னா, கீழ கமெண்ட்ல எழுதுங்க. எல்லையத் தாண்டினதும் முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் உங்க கையில முதல்ல குடுத்தது என்ன? டீயா, போர்வையா, போன் சார்ஜரா? எல்லாத்தையும் படிச்சு, அடுத்த வீடியோவுல உங்க அனுமதியோட வாசிக்கறேன்.