எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை: நகர்த் திட்டத்தில் சிக்கிய பட்டா நிலம்

வணக்கம். பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது, வில்லங்கச் சான்றிலும் எதுவும் இல்லை; ஆனாலும் வீடு கட்ட அனுமதி கேட்டால், இந்தச் சர்வே எண் திட்டச் சாலைக்கு ஒதுக்கப்பட்டது என்று விண்ணப்பம் திரும்பி வருகிறது. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும் என்பதால், நகரமைப்புத் திட்டம் அந்த நிலத்துக்கு என்ன குறித்திருக்கிறது என்பது வாங்கும்போது பலருக்குத் தெரிவதில்லை.

வருங்காலச் சாலைகளையும் பூங்காக்களையும் முன்கூட்டியே வரைந்து வைக்கும் அதிகாரம் ஊருக்குத் தேவைதான். அப்படி வரையாத ஊர்களில் தெரு எங்கே முடிய வேண்டும் என்பதை முதலில் வீடு கட்டியவரே தீர்மானிக்கிறார். ஆனால் ஒதுக்கிய நிலத்தைப் பணம் கொடுத்து எடுப்பதற்கு உள்ளாட்சியிடம் பெரும்பாலும் நிதி இருப்பதில்லை. எடுக்கவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள். என் பார்வையில், நிலத்தை எடுத்துக்கொள்வதைவிட இந்த முடக்கம்தான் உரிமையாளருக்குக் கொடியது. எடுத்தால் இழப்பீடாவது கிடைக்கும்.

[திரையில்: தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 – பிரிவு 38]

இதை எதிர்பார்த்தே நம் சட்டம் ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது. ஊர் முழுவதற்குமான முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) அல்லது ஒரு பகுதிக்கான விரிவான வளர்ச்சித் திட்டம் குறித்த அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள், கையகப்படுத்துவதற்கான பிரகடனம் வெளியிடப்படாமலும், உடன்பாட்டின் மூலம் நிலம் வாங்கப்படாமலும் போனால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும். மகாராஷ்டிரத்தில் இதற்கு 10 ஆண்டுகள் காத்திருந்து, அதன்பின் உரிமையாளர் நோட்டீசும் அனுப்ப வேண்டும்.

நீதிமன்றங்களும் இதே திசையில்தான் பேசியிருக்கின்றன. புனே நகரில் தனியார் மனை ஒன்று பூங்காவுக்கு ஒதுக்கப்பட்ட வழக்கில், தனியார் நிலத்தைச் சேர்த்துத் திட்டம் தீட்டலாம், ஆனால் அந்த நிலத்தைக் கையகப்படுத்தாமல் திட்டத்தைச் செயல்படுத்த முடியாது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 மே மாதத்தில் வந்த கொல்கத்தா மாநகராட்சி வழக்கின் தீர்ப்பு இன்னும் விரிவானது. பூங்காவுக்காக ஒரு தனியார் சொத்தை எடுக்க மாநகராட்சி சுட்டிக்காட்டிய சட்டப்பிரிவு, தேவையான இடத்தை அடையாளம் காண மட்டுமே உதவும், கையகப்படுத்தும் அதிகாரத்தைத் தராது என்று நீதிமன்றம் சொன்னது. 1978-இன் 44-ஆவது திருத்தத்தால் சொத்துரிமை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீங்கினாலும், 300-ஏ பிரிவின்கீழ் அது அரசமைப்புச் சட்ட உரிமையாகத் தொடர்கிறது. அதற்குள் அடங்கும் ஏழு துணை உரிமைகளை அந்தத் தீர்ப்பு எடுத்துரைத்தது. நோட்டீஸ், விசாரணை, காரணம் கூறும் உத்தரவு, பொதுநோக்கம், நியாயமான இழப்பீடு ஆகியவற்றோடு, நடவடிக்கையைத் தாமதமின்றி நடத்துவதும் முறையாக முடித்துவைப்பதும் அவற்றில் அடங்கும். இழுத்தடிப்பே உரிமை மீறல் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை: மனைப்பிரிவு போட்டவர் தானப்பத்திரம் எழுதி ஒப்படைத்த பூங்கா இடத்தை, அதாவது ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) இடத்தை, இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது உள்ளாட்சியின் பெயருக்கு மாறிவிட்ட இடம். 38-ஆவது பிரிவைக் காட்டி அதைத் திரும்பக் கேட்க முடியாது.

3 ஆண்டு கடந்ததும் வரைபடத்திலுள்ள கோடு தானாக அழிந்துவிடுவதில்லை என்பதுதான் நடைமுறைத் தொல்லை. அரசிதழ் அறிவிப்பின் நாளைக் கண்டறிந்து, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக மனு அளிக்க வேண்டும். மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். விடுவிக்கப்பட்ட பிறகும், உண்மையான தேவை எழுந்தால், 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி இழப்பீடு கொடுத்து அதே நிலத்தை எடுக்க அரசுக்குத் தடையில்லை.