பந்தலுக்கு வெளியே நின்ற பையன்

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து இப்போதே சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கம்.

‘கல்வியில் சாதிக்கும் மாணவரையும் ஆசிரியரையும் உயர்த்துவது கைதட்டலா, கைகொடுத்தலா?’ இதுதான் தலைப்பு. கைகொடுத்தலே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா, ‘பிள்ளையின் முதுகில் ஒரு தட்டு தட்டுங்கள், மலையையே புரட்டும்’ என்றார். ஐயா, நான் 19 வருஷமாக அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். தட்டிப் பார்த்திருக்கிறேன். சில முதுகில் எலும்புதான் கையில் இடிக்கும்.

அந்த ஐயா கணித மேதை ராமானுஜனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் 1904இல் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் கணக்குக்கான ரங்கநாத ராவ் பரிசைக் கொடுத்து, இந்தப் பையனுக்கு முழு மதிப்பெண்ணும் போதாது என்று புகழ்ந்தாராம். அந்தப் பாராட்டில்தான் மேதை பிறந்தாராம். பரிசு கொடுத்தது உண்மை, புகழ்ந்ததும் உண்மை. ஆனால் ஐயா சாட்சியைப் பாதியிலேயே கூண்டிலிருந்து இறக்கிவிட்டார். மீதியை நான் கேட்கிறேன்.

பரிசு வாங்கிய பையன் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர எதிலும் மனசு ஓடவில்லை. மற்றப் பாடங்களில் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். அப்புறம் சென்னையில் பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் 1906இல் தோல்வி. 1907இலும் தோல்வி. அந்த வருஷம் ஊரில் ஒரு பாராட்டு விழா வைத்திருந்தால் ராமானுஜன் எங்கே இருந்திருப்பார்? பந்தலுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில் நின்றிருப்பார். காகிதம் வாங்கக் காசு இல்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்துக்கொண்டிருந்த காலம் அது. பரிசு கொடுத்த ஊர்தான். அந்த முழங்கையை யார் பார்த்தார்கள்?

பார்த்தவர்கள் பின்னால் வந்தார்கள். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயர் அந்த நோட்டுகளைப் பார்த்தார். சால்வை போர்த்தவில்லை; சென்னையில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ், உனக்கு என்னப்பா வேண்டும் என்று கேட்டார். ராமானுஜன் புகழ் கேட்கவில்லை. ஆராய்ச்சியைத் தொடர வேண்டும், அதுவரைக்கும் வயிற்றுப்பாட்டுக்கு ஏதாவது கொஞ்சம் கிடைத்தால் போதும் என்றார். மாதம் 25 ரூபாய் கிடைத்தது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது.

‘ஹார்டியின் அங்கீகாரத்தை விட்டுவிட்டீர்களே அம்மா’ என்று எதிரணித் தம்பி வாயசைக்கிறார். விடவில்லை தம்பி, வருகிறேன். ராமானுஜன் எழுதிய கடிதத்துக்கு, இங்கிலாந்தின் கணித அறிஞர் ஹார்டி ‘பிரமாதம்’ என்று பதில் எழுதியதோடு நிற்கவில்லையே. கேம்பிரிட்ஜுக்கே கூப்பிட்டார். சென்னைக்கு வந்திருந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில் இங்கே இருந்தவர்களிடம் அவருக்காகப் பேசினார். ஆண்டுக்கு 250 பவுன் ஏற்பாடாயிற்று, 1914இல் ராமானுஜன் கப்பல் ஏறினார். லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிய கைதட்டல் 1918இல்தான் வந்தது. நடுவர் அவர்களே, எது முந்தி வந்தது, எது பிந்தி வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரிய மனிதர்கள் கதை போதும், எங்கள் பள்ளிக்கு வருகிறேன். ஒரு பெண், பெயர் வேண்டாம். பிளஸ் டூவில் 600க்கு 571. ஊரே கொண்டாடியது. மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. பிளெக்ஸ் அடிப்பதை யாராலும் நிறுத்த முடியவில்லை! மேடையில் நாலடி நீளத்துக்கு ஒரு தெர்மாகோல் காசோலை. ‘ரூபாய் ஐயாயிரம் மட்டும்’. பக்கத்தில் ஒன்பது பெரிய மனிதர்கள். போட்டோவில் அந்தப் பெண்ணுக்கு நெற்றி மட்டும்தான் தெரிந்தது. இறங்கி வந்தவள் என் காதோரம் கேட்டாள்: ‘டீச்சர், இத பேங்க்ல வாங்கிக்குவாங்களா?’

பணத்தைக் கவரில் கொடுத்துவிட்டார்கள், பொய் சொல்லக் கூடாது. அடுத்த மாசம் பொறியியல் கவுன்சிலிங். வருமானச் சான்று வேண்டும், முதல் பட்டதாரிச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் வரிசை. வரிசை நகர்ந்தால் சர்வர் படுத்துக்கொள்ளும். சர்வர் எழுந்தால் ஓ.டி.பி. அப்பாவின் போனுக்குப் போகும். அப்பா கோயம்புத்தூரில் மூன்றாவது மாடிச் சாரத்தின் மேல் நிற்கிறார். இந்தப் பெண் அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். எங்கள் உயிரியல் டீச்சர் இரண்டு நாள் சி.எல்., அதாவது தற்செயல் விடுப்பு, போட்டுவிட்டு அந்த மையத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளோடு உட்கார்ந்தார். சாரத்து மேஸ்திரிக்கே போன் போட்டு நம்பர் வாங்கினார். அந்தப் பெண் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பிளெக்ஸில் அந்த டீச்சர் பெயர் இல்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை. சி.எல். இரண்டு போயிற்றே என்றுதான் டிசம்பரில் புலம்பினார்.

‘மாதம் ஆயிரம் ரூபாயில் என்ன பெரிய உதவி’ என்று இன்னொரு ஐயா கேட்டார். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு வருஷத்தில் 48,000. தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது, பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. கல்லூரிக்குப் போனால் அதிலும் மாதம் 1,000. ஏ.சி. காரில் வந்தவருக்கு அது ஒரு வேளை ஓட்டல் பில். ஷேர் ஆட்டோவுக்கும் ஜெராக்ஸுக்கும் நாப்கினுக்கும் அண்ணனிடம் கைநீட்டி நிற்கும் பெண்ணிடம் கேளுங்கள், அவள் கணக்கு வேறு.

ஆசிரியருக்கும் இதே கதைதான். தேசிய நல்லாசிரியர் விருது 50,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம். வாங்கியவர்களை வணங்குகிறேன். ஆனால் அதற்கு ஆசிரியரே தன்னைப் பற்றி விண்ணப்பம் போட வேண்டும்! ‘நான் நல்லவள்’ என்று நானே ஆதாரத்தோடு எழுத வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் மேய்த்துக்கொண்டு, எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றிக்கொண்டு இருப்பவருக்கு அதற்கு ஏது நேரம்? செப்டம்பர் 5ஆம் தேதி ரோஜாப்பூ கொடுக்கிறீர்கள், சந்தோஷம். 6ஆம் தேதி ஒரு உதவியாளரைக் கொடுங்கள், இரண்டு சி.எல். மிச்சமாகும்.

பாண்டியன் நெடுஞ்செழியன் புறநானூற்றில், ‘உற்றுழி உதவியும் உறுபொருள் கொடுத்தும்’ கற்கச் சொன்னான். ஆசிரியருக்குத் துன்பம் வந்தால் உதவு, பொருள் கொடு என்கிறான். அரசன் ஐயா அவன், வேண்டுமானால் பட்டமே கொடுக்கலாம். அவனுக்கே முதலில் தோன்றியது உதவிதான்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அந்தத் தெர்மாகோல் காசோலை எங்கள் ஸ்டாஃப் ரூம் பீரோ மேல்தான் இருக்கிறது. வரும் மே மாதம் பெயரை மாற்றி எழுதித் திரும்பவும் தூக்குவார்கள். யார் பெயர் வரும் என்று எனக்கு இப்போதே தெரியும், இரண்டாவது பெஞ்சில் உட்காருகிறாள். பள்ளிக் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது, மதியச் சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது; அவள் படிப்பது பன்னிரண்டு. நேற்று மூன்றாவது பீரியடில் தொகையீடு நடத்திக்கொண்டிருந்தேன். அவள் மேசையில் தலையைச் சாய்த்திருந்தாள். தூக்கம் என்று நினைத்துத் திட்டப் போனேன். என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்தேன்.