பிள்ளைகள் கேட்கட்டும்

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளைக் கையோடு கூட்டிவந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

நான் செய்த ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறேன். அப்போது நான் யுகேஜி வகுப்பு டீச்சர். டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு சிறுமி புதிதாகச் சேர்ந்தாள். முதல் நாளே ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அவ ஏன் நாக்க வெளியவே வச்சிருக்கா?" என்று கேட்டான். நான் பதறிப்போய், "உஷ்! அப்படியெல்லாம் கேக்கக் கூடாது" என்றேன். மறுநாள் அவன் அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றுவிட்டான். அவன் கேலி செய்யவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டான். பேசக்கூடாத என்னவோ அவளிடம் இருக்கிறது என்று கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

எவ்வளவு சின்னப் பதில் அது! "அவளுக்கு வாய் கொஞ்சம் சின்னது, தசை தளர்வா இருக்கும். அதனால நாக்கு வெளிய வருது." ஐந்து வயதுக்கு இது போதும். அடுத்து, "எனக்கும் ஒட்டிக்குமா?" என்று கேட்பார்கள். சிரித்துவிடாதீர்கள். அம்மை போட்ட வீட்டுப் பக்கம் போகாதே என்று நாம் சொல்லி வளர்த்த பிள்ளைகள். "ஒட்டாது, அவ பிறக்கும்போதே அப்படித்தான்" என்று சொல்லுங்கள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டை போதும். தரையில் இரண்டிரண்டாக 23 ஜோடி வைக்கச் சொல்லுங்கள். நம் உடம்பின் அநேகமாக ஒவ்வொரு செல்லிலும் இப்படி 46 குரோமோசோம், அதாவது உடம்பு எப்படி அமைய வேண்டும் என்ற குறிப்பைச் சுமக்கும் நுண்ணிய இழைகள். 21ஆவது ஜோடியில் இன்னொரு கொட்டையை வையுங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு அவ்வளவுதான் வித்தியாசம். 1959இல் பாரிஸில் இதைக் கண்டுபிடித்தார்கள். 21இல் மூன்று என்பதால்தான் மூன்றாம் மாதம் 21ஆம் தேதியை உலக டவுன் சின்ட்ரோம் தினமாக 2012 முதல் ஐ.நா. கடைப்பிடிக்கிறது. கிரகணத்தில் வெளியே போனதாலோ, யார் செய்த பாவத்தாலோ வந்ததில்லை. பெரும்பாலும் கரு உருவாகும் முன்பே செல் பிரியும்போது தற்செயலாக நேர்வது. இதைப் பாட்டிமார்களுக்கும் சொல்லுங்கள். தாய்மார்கள் சுமக்கும் பழி கொஞ்சம் குறையட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி எதுவும் உங்கள் பிள்ளையைப் பாகுபாடு காட்டித் திருப்பி அனுப்ப முடியாது.

சேர்த்த பிறகு இன்னொரு சங்கடம் வரும், பாசத்தால். என் வகுப்புப் பெண்கள் அவளைப் 'பாப்பா' ஆக்கிவிட்டார்கள். அவளுக்கும் அவர்கள் வயதுதான். ஆனால் இவர்களே பை மாட்டிவிடுவார்கள், இவர்களே டிபன் பாக்ஸைத் திறந்து ஊட்டியும் விடுவார்கள். நானும் பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் அவள் தன் டப்பாவைத் தானே திறக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு எல்லோரையும் உட்கார வைத்து, "அவ பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. கேட்டா மட்டும் உதவி பண்ணுங்க. அவளுக்கு எல்லாத்துக்கும் கொஞ்சம் நேரம் வேணும், காத்திருங்க" என்றேன்.

ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காத்திருப்பது லேசான வேலையா? பக்கத்தில் இருந்தவள் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். மூடி வழுக்கியது, மறுபடி வழுக்கியது. நானே எழுந்து போக இருந்தேன். அதற்குள் மூடி படக்கென்று திறந்து, எலுமிச்சை சாதம் பாதி பாயில் கொட்டியது. அவள் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், "எடு" என்றாள். இரண்டு பேரும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்கள்.