தோற்றவனையே முதுகில் ஏற்றினார்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

"ஜப்பானிய வீரர் பச்சைகள் பெரிதும் பேசுவது வென்றவனின் பலத்தையா, வீழ்ந்தாலும் பின்வாங்காதவனின் உறுதியையா?" இதுதான் இன்றைய தலைப்பு. வீரர்களின் உருவத்தை உடம்பில் பச்சை குத்திக்கொள்வதைத்தான் இங்கே பேசுகிறோம். பலத்தைத்தான் என்று எதிரணித் தலைவர் அழகாக அடுக்கிக் காட்டினார். வாள், கவசம், முறைத்த விழி, டிராகன், வெட்டிய தலை. பார்த்ததும் எதிரி நடுங்க வேண்டும், அதற்காகத்தான் குத்திக்கொண்டார்கள் என்றார். உறுதியைத்தான் என்று சொல்ல வந்திருக்கும் நான் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்கிறேன். அந்த முதுகில் இருப்பவன் யார்? படத்தில் எப்படி முறைக்கிறான் என்பது இருக்கட்டும். அவன் கதை எப்படி முடிந்தது?

1827 வாக்கில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், உதகாவா குனியோஷி என்ற ஓவியர் ஒரு மர அச்சு ஓவிய வரிசையைத் தொடங்கினார். சாயத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். வயது முப்பது இருக்கும். அதுவரை பெரிய பெயர் கிடையாது. இந்த வரிசை வந்ததும் 'வீரர் படம் குனியோஷி' என்று ஊரே சொல்ல ஆரம்பித்தது. அவர் எடுத்துக்கொண்டது சுயிகோடென் என்று ஜப்பானியர் அழைக்கும் பழைய சீன நாவல். ஊழல் அதிகாரிகளின் அநியாயத்தால் ஊரைவிட்டு ஓடி, சதுப்பு நிலத்தில் கோட்டை கட்டி வாழ்ந்த 108 பேரின் கதை. மூலக்கதையில் உடம்பில் பச்சை இருப்பதாக வருபவர்கள் சிலர்தான். ஒன்பது டிராகன்களைக் குத்திக்கொண்ட ஷிஷின் அவர்களில் ஒருவன். குனியோஷி தன் தூரிகையால் இன்னும் பலருக்கும் முதுகு நிறையப் பச்சை வரைந்தார். எடோவின் உழைப்பாளிகள் அந்தத் தாள்களைப் பார்த்து மயங்கி, அதேபோல் தங்கள் முதுகிலும் கேட்டார்கள். இன்று உலகம் முழுக்க 'ஜப்பானியப் பாணி' என்று டாட்டூ கடைகளில் கேட்கிறார்களே, முதுகு முழுவதும் ஒரே வீரன், சுற்றிலும் அலையும் காற்றும் மேகமும், அதற்கு வடிவம் கொடுத்ததில் இந்தப் படங்களுக்குத்தான் பெரிய பங்கு.

சரி, அந்த 108 பேரும் கடைசியில் வென்றார்களா? மன்னிப்புப் பெற்று அரசனுக்காகவே போருக்குப் போகிறார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். பிழைத்த தலைவனுக்கு அரசவையின் பெயரால் நஞ்சு கலந்த மது வருகிறது. அதைக் குடித்து அவனும் போகிறான். இப்படி முடிந்த ஒரு கூட்டத்தைத்தான் எடோ மக்கள் தோலில் ஏற்றிக்கொண்டார்கள்.

அதில் சோஜுன் என்று ஒருவன். மீன் போல நீந்துபவன். பகைவர் நகரத்தின் நீர்வாயிலை உடைத்து உள்ளே போக இரவில் தனியாக நீந்துகிறான். குனியோஷி அந்தக் கணத்தைத்தான் வரைந்தார். பல்லில் வாளைக் கடித்துக்கொண்டு, இரும்புக் கம்பிகளைக் கைகளால் பிளக்கிறான். தசையெல்லாம் முறுக்கேறி நிற்கிறது. முதுகுப் பச்சைக்கு மிகவும் விரும்பப்பட்ட காட்சிகளில் இது ஒன்று. எதிரணியினர் இந்தப் படத்தைக் காட்டி, 'பார், எவ்வளவு பலம்!' என்பார்கள். பலம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் கதை தெரிந்தவனுக்கு அந்தப் படத்தில் இன்னொன்றும் தெரியும். சோஜுன் அந்த வாயிலைத் தாண்டவில்லை. அம்பு பாய்ந்து அந்தத் தண்ணீரிலேயே செத்துப்போனான். கதை சொல்லிகள் வாயிலாக எடோவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவனைத்தான் கேட்டார்கள். நடுவர் அவர்களே, சாகப்போகிறவன் கம்பியை விடாமல் பிடித்திருக்கும் அந்தப் பிடிக்காகத்தான் அந்தப் படம்.

'அது சீனக் கதை, ஜப்பானிய வீரர்களைச் சொல்லுங்கள்' என்று ஒரு குரல் வருகிறது. நல்லது.

1185-ல் டன்னோவுரா கடற்போர். தைரா என்ற போர்வீரர் குலம் அழிந்த நாள். அந்தக் குலத்தின் தளபதி தோமோமோரி, எல்லாம் முடிந்தது என்று கண்டதும் கடலில் குதிக்கிறான். கபுகி என்ற ஜப்பானியக் கூத்து மேடையில் அவன் கப்பலின் நங்கூரக் கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு, நங்கூரத்தைத் தலைக்குமேல் தூக்கிக் கடலில் எறிகிறான். கயிறு ஓட, அதோடு அவனும் பின்பக்கமாக விழுகிறான். நங்கூரமும் ரத்தமும் அலையுமாக அந்தத் தோமோமோரி இன்றும் முதுகுகளில் இருக்கிறான். இதில் எங்கே ஐயா வெற்றி?

தைராக்களை அந்தப் போரில் வென்ற தளபதி யோஷித்சுனே. அவனையும் மக்கள் கொண்டாடினார்கள், உண்மைதான். எப்போதைய யோஷித்சுனேயை? சொந்த அண்ணன் யோரிதோமோ சந்தேகப்பட்டு வேட்டையாட, நாடெங்கும் ஓடி ஒளிந்தவனை. அண்ணன்தான் ஆட்சியைப் பிடித்தான், 1192-ல் ஷோகன், அதாவது நாட்டை ஆளும் படைத்தலைவன், ஆனான். கதையும் கூத்தும் தம்பி பக்கம் போயின. 1189-ல் கொரோமோ ஆற்றங்கரையில் கடைசி நாள். உள்ளே யோஷித்சுனே தன் உயிரை மாய்த்துக்கொள்ள அவகாசம் வேண்டும். அதற்காக அவனுடைய துணைவன் பெங்கெய் தனியாக வாசலில் நிற்கிறான். உடம்பெல்லாம் அம்பு. ஆள் அசையவில்லை. பகைவர்கள் கிட்டே வரத் தயங்குகிறார்கள். கடைசியில்தான் தெரிகிறது, அவன் எப்போதோ இறந்துவிட்டான், நின்றபடியே. இப்படித்தான் கதை சொல்கிறது. வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்று நான் இங்கே பிரிக்கப்போவதில்லை. மக்கள் எதை நெஞ்சில் வைத்திருந்தார்கள் என்பதுதான் நம் வழக்கு.

பெங்கெய் சிறுவனாக ராட்சதக் கெண்டை மீனோடு கட்டிப் புரளும் படத்தையும், சிவந்த மேனிக் குழந்தை கின்தாரோ மீனை அணைத்துப் பிடிக்கும் படத்தையும் எதிரணித் தங்கை எடுத்துக்காட்டினார். அவை பலத்தின் படங்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். கின்தாரோ விஷயத்தில் என்னிடம் மறுப்பே இல்லை. ஆனால் அந்தச் சிறுவன் பெங்கெயைக் குத்திக்கொள்பவனுக்கு, வளர்ந்த பெங்கெய் எங்கே போய் நின்றான் என்பது தெரியாதா?

இனி, யார் குத்திக்கொண்டார்கள் என்று பார்ப்போம். என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

வாளேந்திய போர்வீரர் வகுப்பான சாமுராய்கள் பொதுவாகப் பச்சை குத்திக்கொள்ளவில்லை. பெற்றோர் தந்த உடம்பைச் சேதப்படுத்தக் கூடாது என்ற கன்பூசிய நெறி அவர்களுக்கு. ஆட்சியாளர்களைப் பொறுத்தவரை பச்சை என்பது தண்டனை. எட்டாவது ஷோகன் யோஷிமுனே காலத்தில், 1720-ல், மூக்கையும் காதையும் அறுக்கும் தண்டனைக்குப் பதிலாகத் திருடர்களுக்குப் பச்சைக் கோடு போடும் வழக்கம் வந்தது. எடோவில் முன்கையைச் சுற்றி வளையம் வளையமாகப் போடுவார்கள். சில ஊர்களில் நெற்றியிலேயே. அதே ஆட்சி 1811-லும் 1842-லும் அலங்காரப் பச்சைக்கும் தடை போட்டது. அப்படியானால் வீரனை முதுகில் ஏற்றியவன் வாள் பிடிக்கும் உரிமையே இல்லாதவன். சுமை தூக்கியவன், பல்லக்குத் தூக்கியவன், கட்டடச் சாரத்தில் ஏறியவன். எல்லோருக்கும் மேலாக, தீயணைப்பு ஆட்கள்.

தீயணைப்பு ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும். எடோ மரத்தாலும் காகிதத்தாலும் கட்டிய நகரம். 1657 தீயில் நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. இறந்தவர்கள் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று சொல்வதுண்டு. 1720-ல் நகரத் தீயணைப்புக் குழுக்களை ஜப்பானிய எழுத்துகளின் பெயரிலேயே வரிசையாக ஒழுங்குபடுத்தினார்கள். பெரும் தீயை அணைக்கும் அளவுக்குத் தண்ணீர் பீய்ச்சும் வசதி கிடையாது. தீ போகும் திசையில் இருக்கும் வீடுகளைக் கொக்கியால் இழுத்து இடித்து இடைவெளி உண்டாக்க வேண்டும், அவ்வளவுதான் வழி. ஒருவன் குழுவின் அடையாளக் கொம்பான மாதோயைத் தூக்கிக்கொண்டு எரியும் தெருவின் கூரைமேல் ஏறி நிற்பான். இங்கே நிறுத்துகிறோம், இதற்கு மேல் தீயை விடமாட்டோம் என்று அதற்குப் பொருள். கூரையில் தீப்பிடித்தாலும் எளிதில் இறங்க மாட்டான். அந்த மனிதனின் முதுகில் மழையைக் கொண்டுவரும் டிராகன் இருந்தது. இல்லையென்றால் சுயிகோடென் வீரன் இருந்தான். இவன் யாரை மிரட்டக் குத்திக்கொண்டான்? தீக்குப் படம் தெரியுமா?

அவர்கள் போட்ட தடித்த பருத்தி மேலங்கியை அருங்காட்சியகங்களில் இன்றும் பார்க்கலாம். வெளிப்பக்கம் எளிமையாக இருக்கும். டிராகனும் வீரரும் உள்பக்கம் இருப்பார்கள். தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டு தீக்குள் போவார்கள். தீ அடங்கியபின் அந்த மேலங்கியைத் திருப்பி, படம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார்கள். அதுதானே பெருமிதம் என்று எதிரணி கேட்கலாம். பெருமிதம்தான். ஆனால் அபாயத்துக்குள் போகும்போது வீரன் உள்ளே, உடம்போடு ஒட்டி இருக்கிறான். மிரட்டுவதற்கான படமென்றால் போகும்போதல்லவா வெளியே இருக்கும்?

பச்சையும் அதே கணக்கில்தான் அமைந்திருக்கிறது. முன்பக்கம் திறந்த மேலாடை போட்டாலும் தெரியாதபடி நெஞ்சின் நடுவில் ஒரு பட்டை அளவு வெறும் தோலாக விடுவார்கள். கையில் மணிக்கட்டுக்கு முன்பே நிறுத்துவார்கள். ஊசிகளைக் கொத்தாகக் கட்டிக் கையாலேயே குத்தும் முறை அது. முதலில் கோடு, அப்புறம் நிழல், அப்புறம் நிறம். முழு முதுகு முடிய மாதங்கள், முழு உடம்பு முடிய ஆண்டுகள். வெறும் கோடுகளோடு நின்றுபோனவர்களும் உண்டு. இத்தனை வலியையும் தாங்கிப் பெற்ற ஒன்றைச் சட்டைக்குள் மறைத்து வைப்பவனிடம், 'ஊரை மிரட்டத்தானே?' என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வெட்டிய தலைக்கு வருகிறேன். எதிரணியின் பலமான ஆயுதம் அதுதான். கொன்றதைக் கொண்டாடும் படம் என்றார்கள். இந்தக் கலையில் பழகியவர்கள் அதற்கு வேறு பொருளும் சொல்வார்கள்: என் தலையும் இப்படி ஒருநாள் போகும், அதற்கு நான் தயார். கூடவே உதிரும் செர்ரிப் பூ ஏன் வருகிறது? மரத்தில் சில நாளே நிற்கும் பூ அது. வெற்றியைப் பாட வந்தவன் உதிரும் இதழையா தேடுவான்?

1184-ல் இச்சினோதானி போரில் குமகாய் நாவோசானே, கடல் பக்கம் தப்பிப்போகும் ஒரு குதிரை வீரனைக் கூப்பிட்டுத் திருப்புகிறான். கீழே தள்ளித் தலைக்கவசத்தைக் கழற்றினால், பதினாறு பதினேழு வயதுப் பையன். பெயர் அத்சுமோரி. தன் மகன் வயது. விட்டுவிட நினைக்கிறான். பின்னால் சொந்தப் படை வந்துகொண்டிருக்கிறது, அவர்கள் விடப்போவதில்லை. அழுதுகொண்டே வெட்டுகிறான். பையனின் இடுப்பில் ஒரு புல்லாங்குழல் இருக்கிறது. பின்னாளில் குமகாய் வாளைத் துறந்து, ஹோனென் என்ற துறவியின் சீடனானான். வென்றவன் அவன்தான் நடுவர் அவர்களே. அந்த வெற்றியை அவனாலேயே சுமக்க முடியவில்லை. வெட்டிய தலையைப் பார்க்கும்போது அந்தக் கண்ணீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

'யாகுசா என்ற ஜப்பானிய ரவுடிக் கும்பல்கள் பயமுறுத்தவில்லையா?' பயமுறுத்தினார்கள், மறுக்க மாட்டேன். ஆனால் எடோவிலிருந்து அந்தத் திரைப்பட யாகுசா வரைக்கும் நடுவில் என்ன நடந்தது? 1872-ல், ஷோகன் ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு பச்சை குத்துவதையே தடை செய்தது. 1948 வரை தடை நீடித்தது. ஒரு கலையை இருட்டுக்குள் தள்ளிவிட்டு, அங்கே யார் இருந்தார்கள் என்று பிறகு கேட்கிறோம். அந்தத் தடைக்காலத்திலும் உழைப்பாளர் மத்தியில் அது வாழ்ந்தது. 1929-ல் தகவல் தொடர்பு அமைச்சரான கொய்சுமி மாதாஜிரோவை மக்கள் 'பச்சை அமைச்சர்' என்றே அழைத்தார்கள். சாரம் கட்டும் தொழிலாளரோடு வளர்ந்த அவர் உடம்பில் டிராகன் இருந்தது. 2001-ல் பிரதமரான ஜுனிச்சிரோ கொய்சுமி அவருடைய பேரன்.

இன்றும் அந்த முதுகுக்கு மரியாதை கிடைத்துவிடவில்லை. 2015-ல் ஜப்பானிய சுற்றுலாத் துறை விடுதிகளிடம் கேட்டபோது, பச்சை இருந்தால் பொதுக் குளியலறைக்குள் விடுவதில்லை என்று சுமார் 56 சதவீதம் சொன்னார்கள். மருத்துவ உரிமம் இல்லாமல் பச்சை குத்தினார் என்று ஒசாகாவில் ஒரு கலைஞர்மேல் வழக்கு வந்தது. கீழ் நீதிமன்றம் அபராதம் போட்டது. அவர் அதைக் கட்டிவிட்டு ஒதுங்கவில்லை. மேல்முறையீடு செய்தார். 2020-ல் உச்ச நீதிமன்றம், அது மருத்துவச் செயல் அல்ல என்று அவர் பக்கமே முடித்துவைத்தது. இந்தச் சங்கடமெல்லாம் தெரிந்தே இன்றும் ஒருவன் பெங்கெயை முதுகில் ஏற்றிக்கொள்கிறான்.

எதிரணியிலிருந்து அடுத்துப் பேச வருபவரிடம் ஒன்று கேட்கிறேன். ஜப்பான் வரலாற்றில் உண்மையாகவே வென்றவர் தொகுகாவா இயேயாசு. 1600-ல் செகிகஹாராவில் ஜெயித்து, 1603-ல் ஷோகன் ஆகி, தன் வம்சத்துக்கு இரண்டரை நூற்றாண்டு ஆட்சியைக் கொடுத்துவிட்டு, முதுமையில் நோய்ப் படுக்கையில் இறந்தார். அவர் வம்சத்தைப் படமாக அச்சிட அன்று தடை இருந்தது, அதை நானே சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்சி 1868-ல் முடிந்தது. அதற்குப்பின் தடுக்க யாருமில்லை. வெற்றியும் பலமும்தான் பொருள் என்றால், தோமோமோரிக்கும் பெங்கெய்க்கும் சோஜுனுக்கும் முன்னால் அவரல்லவா முதுகுகளில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்? ஏன் வரவில்லை? பதிலை அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.